மிச்சம்

லண்டனில் மிச்சம் என்றொரு ஊர்.
அங்கே போய்க் கிளினிக் வைத்தாய்,
நேரத்தை மிச்சம் பிடிக்கத் தெரியாத நீ.

ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கணக்கு.
யார் இருமினாலும்
எத்தனை நாளாய், வீட்டில் ஹீற்றர் வேலை செய்யுதா,
மகன் போன் எடுக்கிறவனா என்று இழுப்பாய்.
வெளியே கதிரைகளில்
உன்னைத் திட்டிக்கொண்டிருப்போம்.

வெள்ளி இரவுச் சீட்டில் மட்டும் பொறுமையில்லை.
கேட்குமுன்னே துரும்பைக் காட்டிவிடுவாய், அறுவானே.

இன்று சுடலையில் அரை மணித்தியாலம் தந்தார்கள்.
தேவாரம், மகளின் நாலு வரி, திரை.
முதல் தடவையாக, குலவீரா,
நேரத்துக்கு முடித்துவிட்டாய்.

வாசலில் அடுத்த பிரேதத்தின் ஆட்கள், மழைக்குள்.
ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருமினார்.
நெடுநேரம்.

ஹீற்றர் வேலை செய்யுதா என்று
கேட்க
வாயெடுத்தேன்.