இருபதுக்குப் பதினெட்டரை

வியாழன் காலை சொல்வதெழுதுதல்.
அறுபத்திரண்டு பேர், இருபது பெஞ்சு.
ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது,
கரும்பலகையில் எப்போதும் கொஞ்சம் மணல்.
ஒவ்வொரு வாக்கியமும் மூன்று தரம் சொல்வேன்:
ஒரு தரம் காதுக்கு,
ஒரு தரம் கைக்கு,
ஒரு தரம் கடைசிப் பெஞ்சு யாசினுக்கு.
அவளுக்குக் காது மந்தம்.
என் உதட்டைப் படித்து எழுதுவாள்.

"அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போகிறார்கள்.
மாலையில் அவர்கள் திரும்புகிறார்கள்."
தாகாரில் அச்சான பாடநூல்.
கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று
மாடியறையில் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு ஒரு விசித்திரமான வீடு.
அறைக்கு அறை ஆள் இருக்கும்,
கூப்பிட்டால் பாதிப் பேர் குரல் கொடுக்கமாட்டார்கள்.
'இல் ராந்த்ர்' என்றால் அவர் திரும்புகிறார்.
'இல் ராந்த்ர்' என்றால் அவர்கள் திரும்புகிறார்கள்.
காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.
எழுதினால்தான் கணக்குத் தெரியும்:
முதல் சொல்லின் வாலில் ஓர் எஸ்,
அடுத்ததன் வாலில் ஓர் என், ஒரு டி.
மூன்றும் ஊமை எழுத்துகள்.
வாய் திறக்காமலே
கரைக்கு ஆட்களைக் கூட்டி வந்துவிடும்.
ஒன்று விட்டால் அரை மதிப்பெண் போச்சு.

அக்டோபரிலிருந்து இதே பாடம்.
சிலேட்டில் எழுது, அடிக்கோலால் தட்டினால் தூக்கு.
"யார்? எத்தனை பேர்?
எண்ணிப் பார்த்து எழுது" என்று
தொண்டை கட்டும்வரை சொல்லியிருக்கிறேன்.
கும்பா இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறாள்.

இரவு மின்சாரம் இல்லை.
தொலைபேசி வெளிச்சத்தில் நோட்டுத் திருத்தினேன்.
ஒருத்தியின் அப்பா அம்மாவுக்குள் படகு விட்டிருந்தார்;
கடலும் அம்மாவும் அந்த மொழியில் ஒரே சத்தம்.
மேயரும் அதே சத்தம்தான்.
இரண்டு பையன்கள் குடும்பத்தையே
மேயர் மேல் மிதக்க விட்டிருந்தார்கள்.
தனியாகச் சிரித்தேன். வட்டமிட்டேன்.

முப்பத்தெட்டாவது நோட்டு மசாம்பாவுடையது.
சுத்தமான கையெழுத்து.
மேற்குறிகள் எல்லாம் அதனதன் தலையில்.
முதல் வாக்கியத்தில் இருவர் போகிறார்கள்.
அடுத்ததில் ஒருவர் திரும்புகிறார்.
எஸ் இல்லை. என் இல்லை. டி இல்லை.

மூன்று சிவப்பு வட்டம் போட்டு
கீழே பதினெட்டரை என்று எழுதிய பிறகுதான்
பிப்ரவரி நினைவுக்கு வந்தது.
செனகல் ஆறு கடலில் விழும் வாய்,
அங்கே எழும்பும் அலை,
மஞ்சளும் பச்சையும் பூசிய படகு.
ஐந்து நாள் அவன் வரவில்லை.
ஆறாம் நாள் வந்தபோது
விட்டுப்போன வீட்டுப்பாடம் முழுக்க முடித்திருந்தான்.

மறுநாள் இடைவேளையில் கூப்பிட்டு
வொலோஃபில் கேட்டேன்.
வகுப்பில் வொலோஃப் பேசினால் அதட்டுகிறவளே நான்தான்.
எங்கள் பேச்சில் ஊமைகள் இல்லை.
ஒருவர் என்றால் 'மு', உதடு மூடும்.
பலர் என்றால் 'ஞு', நாக்கு அண்ணத்தில் ஒட்டும்.
எந்தக் காதையும் ஏமாற்றாது.

"'மு'வா, 'ஞு'வா?"

"விதி தெரியும், மேடம்," என்றான்.
"எஸ், என், டி."

"பிறகென்ன?"

உதட்டை மூடினான்.
அது பதிலின் தொடக்கமா,
பேச மறுத்ததா,
எனக்குப் பிடிபடவில்லை.
அவனுக்குப் பக்கவாட்டில்
மாம்பழக் கொட்டையைச் சப்பிக்கொண்டு நின்ற யாசின்
அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு,
"'மு' என்கிறான் மேடம்," என்றாள்.

ஜூனில் அரசுத் தேர்வு.
திருத்துகிறவர் உள்நாட்டுக்காரராக இருப்பார்,
நிலக்கடலை விளையும் ஊர்,
அலை எப்படி இருக்கும் என்றே தெரியாதவர்.
அவருடைய பேனாவும் மூன்று வட்டம் போடும்.
பதினெட்டரையை நான் மாற்றவில்லை.
வட்டங்களுக்குப் பக்கத்தில் ஏதாவது எழுத நினைத்து
மூடியைக் கழற்றினேன், மாட்டினேன்.

அடுத்த வியாழனுக்கு வேறு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்.
சந்தை, ஆட்டு விலை, ஒரு கழுதை வண்டி.
கடல் இல்லாத பாடம்.
நேற்றிரவு வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன்.
கடைசி வரியில்
அங்கேயும் அவர்கள் திரும்புகிறார்கள்.