வால் உதிர்ந்த பெயர்

வங்கி கொடுத்தது பதினோராயிரம் ஸ்லோட்டி.
ஒரு மேக் வாங்கலாம், சாப்பாட்டைப் பிறகு யோசிக்கலாம்.
இல்லையென்றால் ஞாயிற்றுச் சந்தையில்
பாகம் பாகமாய்ப் பொறுக்கி
இரண்டு விண்டோஸ் பெட்டி, ஒரு ஸ்கேனர்,
வீடியோ வெட்ட ஒரு கார்டு,
மிச்சத்தில் பிப்ரவரி வாடகை.

யாக்னாவின் கணக்கில் வாடகையே இல்லை.
"தோருன் அச்சகத்தார் மேக் கோப்பைத்தான் தொடுவார்கள்.
மற்றதைக் கொண்டுபோனால்
எலி செத்த மூட்டைபோல் தள்ளி வைப்பார்கள்."
நான் கல்யாண வீடியோக்களைச் சொன்னேன்.
மே மாதம் ஆகாது என்று ஒதுக்கிவிட்டு
ஜூன் பிறந்ததும் இந்த பிட்கோஷ்சில்
சனிக்கிழமைதோறும் யாராவது யாரையாவது
கட்டிக்கொள்கிறார்கள்.
எழுத்துக்கு எழுத்து எவ்வளவு இடைவெளி என்று
ஒரு மாப்பிள்ளையும் இதுவரை கேட்டதில்லை.

நடுவில் டோப்ரோமிர் ஒரு சிடியோடு வந்தான்.
லினக்ஸ்.
காசும் இல்லை, எசமானும் இல்லை என்றான்.
விடிய விடிய ஏற்றினோம்.
கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு
மினுக்கிக்கொண்டு நின்றது,
சொல்லுங்கள் என்ன வேண்டும் என்பதுபோல்.
ஒரு வட்டம் வரைய வேண்டும் என்றோம்.
மினுக்கிக்கொண்டே இருந்தது.

பிறகு இரண்டு பெட்டியையும்
ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம்.
அருங்காட்சியகத்துக்குச் சுவரொட்டி: பிர்தா நதி.
ஒரே கோப்பு, நீலத்துக்கு ஒரே எண்கள்.
அவள் திரையில் நதிக்கு விடிந்திருந்தது,
என் திரையில் விளக்கு வைக்கும் நேரம்.
தோருனிலிருந்து அச்சாகி வந்தது
பீட்ரூட் கழுவிய தண்ணீர்.

அதே வாரம்தான் பல் மருத்துவர் வோன்சோவ்ஸ்காவின் அட்டைகள்.
எங்கள் எழுத்துகளில் ஒன்றுக்குக் கீழே வால்,
ஒன்றுக்குக் குறுக்கே கீறல்,
சிலவற்றின் தலையில் புள்ளி.
என் பெட்டியில் அடித்து அவள் பெட்டியில் திறந்ததும்
வால் போன இடத்தில்
பள்ளிக்கூடக் கணக்கின் பை வந்து உட்கார்ந்தது,
வட்டத்தை அளக்கிற அதே பை.
ஐந்நூறு அட்டை. நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.
மருத்துவர் பார்த்தார்.
"நான் பல்லைத்தான் பிடுங்குவேன்.
நீங்கள் பெயரிலிருந்து பிடுங்கியிருக்கிறீர்கள்."
முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.
என் கடைவாயை ஒருமுறை உற்றுப் பார்த்தார்,
அவ்வளவுதான்.

அன்று இரவு உன் பெட்டி, உன் பெட்டி என்று
கத்திக்கொண்டோம்.
இரண்டுமே எங்களுடையவை அல்ல,
திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும்.
கத்தி முடித்த பிறகும் பேச வேறெதுவும் இல்லாததால்
ஆளுக்கொரு நீலத்தைச் சுருட்டிக்கொண்டு
பாலத்துக்கு நடந்தோம்,
நதியிடமே கேட்டுவிடலாம் என்று.

நதி உறைந்திருந்தது.
விளக்குக் கம்பத்தடியில் ஒரு நாயின் கால் தடம்
இந்தக் கரையில் தொடங்கி
பாதியில் திரும்பியிருந்தது.
யாக்னா தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள்.
"நதிக்கு மை வேண்டாம். தாளையே விட்டுவிடு."
ஒரு மை மிச்சம் என்றேன் நான்.
எனக்கு அப்படித்தான் வாய் வரும்.

மேக்தான் வாங்கினோம். ஈஸ்டர் வரை
அதன் பக்கம் நான் முகம் திருப்பவில்லை.
பிப்ரவரி வாடகையை மார்ச்சில் கொடுத்தோம்,
மார்ச் வாடகை என்று சொல்லி.
ஜூனில் டோப்ரோமிரின் மைத்துனனிடம்
மணிக்கணக்கில் ஒரு விண்டோஸ் பெட்டி பிடித்து
முதல் கல்யாணத்தை வெட்டினேன்.
மணப்பெண்ணின் வெள்ளை உடுப்பில்
எங்கிருந்தோ கொஞ்சம் நீலம் ஏறியிருந்தது.
யார் திரையின் நீலம் என்று தெரியவில்லை.
மூன்று முறை குறைத்தேன்,
மூன்று முறையும் அவள் சோகையாய்த் தெரிந்தாள்.
ஏற்றியபடியே விட்டுவிட்டேன்.