நானூறு, நானூற்று

ராத்திரி யாரும் தொடாமலே
தன்னைப் புதுப்பித்துக்கொண்டது கம்ப்யூட்டர்.
காலையில் எடைமேடை ஊமை.

காங்கயம், வெள்ளகோவில் ரோடு.
தேங்காய்ப் பருப்பு ஏற்றிய முதல் லாரி
மேடை ஏறி நிற்கிறது.
திரையில் எண் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது.
கூரைமேல் கொம்பு ஸ்பீக்கரில்
ஒரு மூச்சு இல்லை.

"சத்தம் வரலீங்களே" என்கிறார் சென்னியப்பன்.
மில் வாசலில் முப்பது கிலோவுக்கு
மத்தியானம்வரை மல்லுக்கட்டிய மனுஷன்.
காதில் விழுந்தால்தான் அவருக்கு எடை.

கறுப்புத் திரையில் ஒரே வரி:
ஒலிக்கு டிரைவர் இல்லை.
வெளியே பதினோரு டிரைவர்கள்
ஆரனை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஓனர் கோயமுத்தூரில்
எடைக்கு வாங்கிவந்த சவுண்டு கார்டு அது.
செய்த கம்பெனி மூடியாயிற்று.
டிரைவரை எழுதிய புண்ணியவான் எந்த ஊரோ,
அதில் கைவைத்து ஆறு வருஷம்.
புதுக் கெர்னலோடு சேர்த்து
மறுபடி கம்பைல் செய்து பார்த்தேன்.
நாற்பது இடத்தில் பிழை. நாற்பதும் ஒரே பிழை.
பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது டிரைவர்.
உள்ளே அதே ஆள், அதே வேலை;
பெயருக்கு வால் மட்டும் மாறியிருக்கிறது.
அதற்காகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தச் சங்கடம் எனக்குப் புதிதில்லை.
மூன்று வருஷம் முன்பு
ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி,
வேர்க்க வேர்க்க இந்த ஸ்பீக்கருக்கு
எண் எண்ணாகக் குரல் பதிந்தவள் நான்.
நானூறு என்று ஒன்றுதான் பதிந்திருந்தேன்.
"நானூறு இருபது" என்று அது சொன்னபோது
மேடையே சிரித்தது.
அப்புறம் நானூற்று என்று தனியாக ஒன்று.
ஆயிரம் ஒன்று, ஆயிரத்து ஒன்று.
பின்னால் எண் வந்தால் ஒரு வால்,
வராவிட்டால் வேறு வால்.
ஓனருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்
அது யார் குரல் என்று.

கெர்னல் என்றால் பருப்பு.
டிப்ளமோ முதல் வருஷம் அகராதியில் பார்த்து
பெஞ்சோடு சிரித்தோம், எங்கள் ஊரில் படிக்க வேண்டியதுதான் என்று.
களத்தில் இரண்டு நாள் வெயில் பட்டால்
பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டுவிடும்.
எதன்மேல் தப்பு என்று
தொட்டியிடம் கேட்பதா, வெயிலிடமா?

கதவைத் திறந்து வெளியே வந்தேன்.
"பதினெட்டாயிரத்து நானூற்று இருபதுங்க!"
சென்னியப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.
கொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அட, அது நீங்கதானுங்களா அம்மணி?"

பதினோரு லாரிக்கும் கத்தினேன்.
கடைசியில் நின்றது தவிட்டு வண்டி;
அதற்குள் தொண்டை தவிடாகிவிட்டது.

வரிசை ஓய்ந்தபின் அணைத்துப் போட்டேன்.
ஐந்தே நொடி நிற்கும் ஒரு பட்டியல்.
மேலே புதிய கெர்னல்.
அதன் கீழே, யாரும் துரத்தாததால்,
பழையது இருந்தது.
அம்புக்குறியை ஒரு தட்டுக் கீழே.

கொம்பு கரகரத்துத் திறந்தது.
வந்தது என் குரல்,
மூன்று வயது இளையது, கத்திப் பழகாதது.

பொழுதோட சென்னியப்பன்
இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்தார்.
"ஆறாயிரத்து நூற்று எண்பது" என்றது கொம்பு.
இத்தனை நாள் ஒருவரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பி
"சரிங்க" என்றார்.
தலையை ஆட்டினேன். பேச வரவில்லை.

ராத்திரி ஷிப்டு நாச்சிமுத்துவுக்கு
மானிட்டரில் சீட்டு ஒட்டினேன்:
'புதுப்பிக்கவா என்று கேட்டால் வேண்டாமுங்க.
கரண்ட் போய் வந்தால் ரெண்டாவது வரி.'

இந்தப் பெட்டி இரண்டு கெர்னல்தான் வைத்துக்கொள்ளும்,
மூன்றாவது வந்தால் பழையது போய்விடும்.
அதை எழுதச் சீட்டில் இடமில்லை.