நாலு பத்து

மணவாளக்குறிச்சி மணல் ஆலையில்
கதிர் எண்ணுவது என் வேலை.
மூட்டைக்கு ஒரு எண், சுவருக்கு ஒரு எண்,
கறுப்பு மணல் ஒட்டிய செருப்புக்கும் உண்டு.
அதனால்தான் சனிக்கிழமை மத்தியானம்
சின்னவிளையிலிருந்து டெல்பினும்
அவள் சித்தப்பா மகன் சேசடிமையும்
ஆளுக்கொரு வாட்ச்சோடு வந்து நின்றார்கள்.
"ரெண்டுல ஒண்ணு டூப்ளிகேட்.
எதுன்னு நீ சொல்லு பிள்ளே."

ஒரே ரசீது. கொழும்பு, ஐம்பத்தெட்டு.
அண்ணன் தம்பி ஒன்றாகப் போய்
ஒரே கண்ணாடிப் பெட்டியிலிருந்து வாங்கியவை.

டெல்பினின் அப்பா கட்டுமரக்காரர்.
முப்பது வருஷம் அவரோடு
அதுவும் துடுப்புப் போட்டிருக்கிறது.
பால்வெள்ளையாய் இருந்த முகம்
கடுங்காப்பி சிந்திய துணி மாதிரி.
எண்களில் பூசிய பச்சை
கருவாட்டு மஞ்சளாகி,
ஆறின் வயிற்றில் வெடிப்பு.
ஓரமெல்லாம் உப்பு கடித்த புள்ளி.

தம்பி பங்குப் பள்ளிக்கூடத்தில் கிளார்க்.
கட்டினால் தேயும் என்று
பிஸ்கட் டப்பாவில் அந்துருண்டையோடு
பீரோவின் அடித்தட்டில் பூட்டினார்.
திருநாளுக்கு எடுப்பார், சாவி கொடுப்பார்.
பிறகு அதையும் விட்டார்.
அது இன்றைக்கும் வெள்ளை.

"எங்களுதுதான் அசல். பாருங்க, எப்படி இருக்குன்னு."
"பழசுன்னா பழசா இருக்கணும்டே."

துணி துவைக்கும் கல்லில் இரண்டையும்
பத்து நிமிஷம் வெயில் காட்டினேன்.
அலமாரிக் கதவைச் சாத்தி
புடவைகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தேன்.
காப்பி நிறத்தில் ஒன்றுமில்லை.
வெள்ளையில்
ஒரு மூச்சு நேரம் வெளிறிய பச்சை,
அதுவும் அவிந்தது.
சேசடிமை சிரித்தான்.

கருவியை வைத்தேன்.
இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே படபடப்பு.
ரேடியத்துக்குக் களைப்பு கிடையாது,
அதில் பாதி கரையவே
ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும் என்றேன்.
ஓய்ந்தது, அது தட்டத் தட்ட மின்னிய
துத்தநாகப் பொடிதான்.
தட்டுகிறவன் இன்னும் வாசலில் நிற்கிறான்.
திறக்க உள்ளே ஆளில்லை.

"அப்ப எதுக்கு எங்க அப்பாவுதுல ஒண்ணுமே தெரியல?"
வெயிலும் கூடச் சேர்ந்து தட்டியிருக்கும்.
உப்பும் ஈரமும் விட்டிருக்காது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
"மூடியைத் திறந்திராதீங்க,
பொடி மூக்குக்குள்ள போனா வம்பு" என்று
முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.
எண் வரிசை,
கடைசியில் நாற்பத்தொன்று.
மற்றதில் நாற்பத்திரண்டு.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கை சும்மா இராமல் சேசடிமை
தலைத்திருகை இழுத்து முள்ளை நகர்த்தினான்.
முள் போனது.
அடியில் இன்னொரு முள் இருந்தது.
வெள்ளையில் தவிட்டு நிறத்தில்
சின்னமுள், பெரியமுள், அப்படியே:
நாலு பத்து.

"இத யாரு வெயில்ல வச்சா?"

யாரும் வைக்கவில்லை.
பூட்டிய பீரோவுக்குள்,
டப்பாவுக்குள், கைக்குட்டைக்குள்
முள்ளில் பூசியதே கதிர் கக்கி
தான் நின்ற இடத்தைச் சுட்டிருக்கிறது.
நகர்ந்துகொண்டிருந்த முள்ளுக்கு
ஒரு இடத்தில் நின்று சுட நேரமில்லை.
அதை வெளியே இருந்த சூரியன்
எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டது.

டெல்பின் தன்னுடையதைக் காதில் வைத்தாள்.
ஓடவில்லை.
"காலைலயா மத்தியானமா, நாலு பத்து?"
சேசடிமைக்குத் தெரியவில்லை.
முள்ளைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகப் பார்த்தான்.
ஒரு மயிரிழை தள்ளித்தான் நின்றது.

மாற்றிக் கட்டிக்கொண்டா போனார்கள்,
தத்தம் வாட்ச்சையா,
நான் கவனிக்கவில்லை.
கருவியை அணைக்க மறந்திருந்தேன்.
வாசற்படியில் அவர்கள்
செருப்பு கழற்றிய இடத்தில் வைத்தபோது
கொஞ்சம் மணல் கிடந்தது,
அது பேசிக்கொண்டிருந்தது.