மணக்காத கேன்

பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் முன்னே
ஸ்டோர்க் கதவைத் திறக்கிறவள் நான்.
திறந்ததும் முதலில் மூக்கு விழிக்கும்,
கண் பிறகுதான்.

பார்மிக் அமிலம்.
பார்த்தால் பச்சைத் தண்ணீர்.
மூடியைத் தளர்த்தினால்
செவ்வெறும்புக் கூடொன்று
மூக்குக்குள் உடைந்த மாதிரி.
எறும்பு வயிற்றில் ஒரு துளி,
எங்கள் ஸ்டோரில் ஒரு கேன்.
எறும்புக்குக் கையுறை வேண்டாம்.

எனக்கு வேண்டும். இருப்பது ஒரே சோடி,
ஆம்பளைக் கை அளவு.
ஓரம் நறுக்கிய ரப்பர் துண்டால்
மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுவேன்.
கண்ணாடிக்கு ஒரு காது உடைசல்,
அந்தப் பக்கம் நூல்.

தண்ணீர் முதலில்.
தண்ணீருக்குள் அமிலம்,
வாளியின் ஓரமாக, மூச்சை அடக்கி.
அமிலத்துக்குள் தண்ணீர் ஒருக்காலும் இல்லை.
ஜன்னல் திறந்திருக்கணும்.
பட்டுவிட்டால் ஓடணும், பீலிக்கு;
இருபது நிமிசம், கடிகாரம் பார்த்து.
சுண்ணாம்பு தடவாதே, பற்பசை தடவாதே.
ஞானப்பூ தடவினாள்.
அவள் முழங்கையில் இன்றைக்கும்
ஒரு தேயிலைக் கொழுந்தளவு மினுமினுப்பு.

பத்தரைக்கு மேட்டுமலைப் பால் இறங்கும்.
பட்டைத்தூள் வடிகட்டித் தட்டங்களில் ஊற்றி
அமிலத் தண்ணீரைச் சேர்த்துக் கிண்டினால்
பால் யோசிக்கத் தொடங்கும்.
சாயந்தரத்துக்குள் முடிவெடுத்துவிடும்:
வெள்ளைத் தலையணை,
விரல் வைத்தால் விரலை ஞாபகம் வைத்திருக்கும்.
பிறகு உருளை, பிறகு புகைக்கூடு,
பிறகு எட்டியாந்தோட்டைக் கடைவீதி தாண்டி
யாருடைய லொறிக்கோ டயர்.

செவ்வாய்க்கிழமை
சுமனவீரவின் லொறியில் புதுக் கேன் வந்தது.
அதே நீலம். அதே பேர்.
பேருக்கு அடியில் இன்னொரு பேரின் கிழிந்த மூலை.
சாய்த்துப் பார்த்தேன்.
அதே அளவு கேன்தான்,
இடுப்பு மட்டும் ஒன்றரைக் கேன் என்றது.

திறந்தேன்.
ஒன்றுமில்லை.
எறும்பு இல்லை, காட்டம் இல்லை,
கண்ணில் நீர் வரவில்லை.
பதினோரு வருசத்தில் முதல் தடவை
அந்த அறையில் நான் பயந்தேன்.

கண்ணாடிக் குச்சியில் எடுத்தால்
விளக்கெண்ணெயாய் இழுபட்டு விழுந்தது.
சாயத்தண்ணிக்கு ஞானப்பூ மடித்து வைத்திருந்த
சீனியில் ஒரு கிள்ளு
பழைய கரண்டியில் போட்டு
ஒரு சொட்டு விட்டேன்.
மஞ்சள். பழுப்பு.
பிறகு கறுத்து, பொங்கி, புகைந்து
கரி.

'கந்தக அமிலம்' என்றேன்.
'பாதி விலை' என்றார் ரப்பர்மேக்கர் அருளாந்து,
'அமிலம் அமிலம்தானே, இந்த மாசம் சமாளி.'
பால் உறையும்தான், அவர் சொல்வது பொய்யில்லை.
ஷீட்டும் பார்க்க நன்றாய்த்தான் இருக்கும்,
வாங்கினவன் வீட்டில் வெடிக்கும் வரைக்கும்.
உருளையைத் தின்னும்.
அதற்கு முன்னால்,
பேரை நம்பி, மணத்தை நம்பி
அரைத்தூக்கத்தில் தண்ணீரை மாற்றி ஊற்றப்போகும்
யாரோ ஒருத்தியின் முகத்தைத் தின்னும்.
அந்த யாரோவுக்கு
எனக்கு லீவு கிடைக்கும் நாளெல்லாம்
ஞானப்பூ என்று பேர்.

கரண்டியை அவர் மேசையில் வைத்தேன்.
பேசவில்லை.
அவரும் பேசவில்லை, கரி இன்னும் சுட்டது.

வெளியே நூற்றிருபது லீற்றர் பால்.
வெட்டினவர்களுக்கு நிறை எழுதியாச்சு.
பழைய கேனின் அடியில் மூன்று விரல் அமிலம்.
அதை அளந்து, பிரித்து, இன்னும் பிரித்து
எல்லாத் தட்டத்துக்கும் கொடுத்தேன்,
கடைசிக் குழம்பைப் பந்திக்குப் பரிமாறுகிற மாதிரி.

புதுக் கேனைச் சிவப்புத் துணியால் கட்டி
சுண்ணக்கட்டியால் எழுதினேன்:
'இது அது இல்லை.'
வேறு வார்த்தை வரவில்லை.

மறுநாள் விடியலில்
தட்டத்தின் ஓரங்கள் உறைந்திருந்தன,
நடுப்பால் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
பதினொன்றுக்குத்தான் உருளை சுற்றியது.
இரண்டு மணித்தியாலச் சம்பளம்
யார் கணக்கில் என்று இன்னும் தகராறு.

சுமனவீர கேனைத் திரும்ப ஏற்ற வந்தான்.
'பரிஸ்ஸமின்' என்றேன், அவன் பாசையில்.
தூக்கியதும் அவன் முகம் மாறியது;
இடுப்புக்கு எல்லாப் பாசையும் தெரியும்.

கரண்டி மட்டும் ஜன்னல் விளிம்பில் கிடந்தது.
வரிசையாக வந்த எறும்புகள்
அந்தச் சீனியின் பக்கம் வந்ததும்
வளைந்து போயின.