நாலாவது போல்ட்

முதலில் தேதி.
டிசம்பர் என்றாள் தெரசின், டிக்கெட் மலிவு.
ஹெத்தையம்மன் பண்டிகை முடியாமல்
மலையிறங்க மாட்டேன் என்றான் போஜன்.
ஊரே வெள்ளை உடுத்தி நடக்கும்போது
நான் மட்டும் கிரேக்கத் தீவில் தொங்கினால்
அம்மா என் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவாள்.
ஆக, ஜனவரிக் கடைசி.

எனக்கும் அதுதான் தோது.
உறைபனி விழுந்து கொழுந்து கருகினால்
ஃபாக்டரியில் ஒரு ஷிப்ட்தான்.
கணக்கு எழுதுகிறவள் லீவு கேட்க
அதைவிட நல்ல பருவமில்லை.
இதை கோத்தகிரியில் சத்தமாகச் சொல்லக்கூடாது.

கீழே பேக்கரி. வர்க்கி வாசம் ஏறிவரும் மாடியறை.
மரம் விழுந்து மதியத்திலிருந்து கரண்ட் இல்லை.
லேப்டாப்பில் பதினோரு சதவீதம்.
அந்தத் தீவின் பேரை
மூவரும் மூன்று விதமாய்ச் சொல்கிறோம்.
திரையில் அதன் வானிலை வந்தது:
அங்கேயும் மழை.

ஆனால் பாறை முன்னால் சாய்ந்திருக்கிறதாம்.
மழை அதன் மூக்கைத் தாண்டி விழுமாம்.
அடியில் நிற்பவர் நனையமாட்டாராம்.
மத்தியானம் வெயில் வந்தால் சட்டையைக் கழற்றலாமாம்.
ஆம், ஆம், ஆம்.
ஒருவரும் தொட்டுப்பார்த்ததில்லை.

சுண்ணாம்புப் பாறை.
சுண்ணாம்பென்றால் எனக்கு வெற்றிலை,
பொங்கலுக்கு முந்தின வாரத்துச் சுவர்.
அதில் விரல் மாட்டித் தொங்குவதை
மனசு இன்னும் நம்பவில்லை.
நம் பாறை கறுப்பு. உப்புத்தாள் மாதிரி,
கொஞ்சம் தோலை வாங்கிக்கொண்டுதான் பிடி கொடுக்கும்.
ஆனைமுதுகு என்று நாங்களே பேர்வைத்த அதில்
மொத்தம் ஒன்பது வழி.
அறுபது மீட்டர்க் கயிறு போதும்.

அங்கே எண்பது வேண்டும்.
கேரட் மண்டியிலிருந்து போஜன் இரவல் வாங்கிவந்த தராசில்
எண்பது மீட்டர் ஐந்து கிலோ காட்டியது.
தெரசின் தன் பையிலிருந்து
ஒரு ஸ்வெட்டரை எடுத்து வெளியே போட்டாள்.
யோசித்து, ஊறுகாயையும்.
பிறகு ஊறுகாயை மட்டும் திரும்ப வைத்தாள்.

குளிர்காலத்தில் கடையெல்லாம் அடைப்பு,
காற்றடித்தால் படகும் கிடையாது என்று படித்தோம்.
அதற்கு மட்டும் யாரும் பயப்படவில்லை.
சீசன் முடிந்த ஊரில் எப்படி இருப்பதென்று
எங்களுக்கா தெரியாது?

கடைசியில் விசா படிவம்.
நாடு திரும்புவீர்கள் என்பதற்குச் சான்று.
தெரசினுக்குப் பள்ளிக்கூட வேலை.
எனக்குச் சம்பளச் சீட்டு.
போஜனுக்கு
ஒரு பிக்கப் வேன், அதன்மேல் இரண்டு கடன்,
அரை ஏக்கர் தேயிலை, பட்டா பெரியப்பா பெயரில்.
போன வருஷம் அவனுக்கு வந்த கடிதத்தில் ஒரே வரி:
திரும்பும் எண்ணம் ஐயத்துக்குரியது.

ஏழு வருஷமாய்க் கயிற்றின் மறுமுனையில் நிற்கிறான்.
நான் விழுந்த தடவையெல்லாம்
என் எடைக்கு ஓரடி முன்னால் இழுபட்டு
ஓரடி திரும்பி வந்தவன்.
அதற்கு எந்த ஆபீசர்
பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்?

அவன் ஒன்றும் சொல்லாமல்
தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
பிறகு சொன்னான்:
ஆனைமுதுகில் பத்தாவது வழி ஆரம்பித்திருக்கேன்.
மூணு போல்ட் அடிச்சாச்சு.
நாலாவதுக்குத் துளை போடும்போது
டிரில்லில் சார்ஜ் போயிடுச்சு. பாதித் துளை.
தண்ணி இறங்காம மெழுகு வச்சு அடைச்சுட்டு வந்தேன்.
அதை எழுது.

சிரித்தோம். லேப்டாப் அணைந்தது.
ஜன்னலில் மூடுபனி வந்து நின்றுவிட்டுப் போனது.
தெரசின் மெழுகுவத்தி தேடும் சத்தம்.

இருட்டிலேயே, கட்டம் தாண்டிப் போனாலும் பரவாயில்லையென்று,
பென்சிலால் எழுதினேன்:
நாலாவது போல்ட்.
காலையில் அழித்துவிட்டு
வேனின் ஆர்.சி. புத்தகம் என்று எழுதவேண்டும்.
பெரியப்பாவிடம் யார் பேசுவதென்று
இன்னும் முடிவாகவில்லை.