குடும்ப அறை

முனிலட்சுமி ஆறு வருடம் மெல்போர்னில் இருந்தாள்.
அங்கே அவளை மூனி என்பார்களாம்.
வந்த மூன்றாம் நாள் கேட்டாள்:
"நம்மூர்ல நாம ரெண்டு பேரும் உக்காந்து
ஒரு பீர் குடிக்க எங்கடி போறது?"

கிருஷ்ணகிரி ரவுண்டானாவை நினைத்துப் பார்த்தேன்.
சென்னை, பெங்களூர், சேலம், திருவண்ணாமலை, குப்பம்.
எல்லா ரோடும் வேறு ஊருக்குத்தான் போகிறது.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு.
அடிலெய்டில் நிலவறைக்குள் ஒரு பார்,
பிரிஸ்பேனில் ஆற்றைப் பார்த்த மரப்பலகை,
மெல்போர்ன் சந்தில் பெயர் எழுதாத கதவு.
தட்டினால் திறப்பவள் முதலில் தண்ணீர் வைப்பாளாம்.
புளிக்கிற பீர், காப்பி வாசம் வீசுகிற பீர்,
இருபத்திரண்டு குழாய்,
பதினேழாவதில் மாம்பழம் போட்டது.

"மாம்பழமா? எந்த ஊருது?"
"அதெல்லாம் எழுதலையே."
எனக்கு அதற்கப்புறம் காது கேட்கவில்லை.
சீசனில் ஒரு நாளைக்கு அறுபது டன் பெங்களூராவை
கூழாக்கி டிரம்மில் அடைத்து அனுப்புகிறோம்.
இனிப்பு எத்தனை டிகிரி என்று
பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான்.

சனிக்கிழமை என் ஸ்கூட்டியில் கிளம்பினோம்.
பைபாஸ் ஓட்டலில் நீல பல்பு போட்ட ஏசி பார்.
வாசல்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
"ஜென்ட்ஸ் வண்டி நிறுத்துறாங்களா மேடம்?"
"நாங்கதான். அவ்வளவுதான்."
"ஃபேமிலி ரூம் மாடியிலங்க."

மாடியில் சுவர் முழுக்க ஒரு அருவிப் படம்.
பக்கத்து மேசைக் குழந்தை
நூடுல்ஸைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தது.
அரை மணி நேரம் நாங்கள் குடும்பமாக இருந்தோம்.
மூனி நோட்டில் எழுதினாள்:
கோபி மஞ்சூரியன், நாலு நட்சத்திரம்.
குடும்பம், ரெண்டு.

அப்புறம் அந்தக் கம்பிக் கூண்டு.
நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்,
சித்தப்பா யாராவது வரிசையில் இருப்பார்.
அவள் போனாள்.
முன்னால் ஆடிக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து
"ஏய், தங்கச்சிக்கு வழி விடுங்கப்பா" என்று கத்த,
வரிசை ஒரு லாரிக்கு ஒதுங்குவது போல ஒதுங்கியது.
"என்ன பீர் இருக்கு?" என்றாளாம்.
"கூலிங் இருக்கு. கூலிங் இல்லாதது இருக்கு."

கேஆர்பி அணைக்குப் போகும்போது
பாட்டில் இரண்டும் தினத்தாளில் சுருண்டு
அவள் மடியில் கிணுகிணுத்தன.
ஓரமாய் ஒரு மீன்கடை, தகரக் கூரை, பலகை இல்லை.
பட்டம்மாக்கா ஜிலேபி மீனைக் கீறி
மிளகாய் திணித்துக்கொண்டிருந்தார்.
தினத்தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
மூன்று எவர்சில்வர் டம்ளர் கொண்டு வந்தார்.
மூன்று.

மீன் வாயைச் சுட்டது. முள்ளோடு மென்றோம்.
பீர் அதற்குள் கூலிங் இல்லாதது ஆகிவிட்டது.
பழக்கத்தில் நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தேன்,
இனிப்பு நாலு டிகிரி இருக்கலாம்.
கசப்பு பார்க்க எங்கள் லேபில் கருவி கிடையாது.
அக்கா ஒரே மூச்சில் இறக்கிவிட்டு முகத்தைச் சுளித்தார்.
"இதுக்காடி அவ்ளோ தூரம் போய் இருந்த?"
மூனிக்குச் சிரித்து மூக்கில் ஏறிவிட்டது.

கடை பேர் கேட்டாள், நோட்டுக்கு.
"புளியமரத்துக்கு அடுத்ததுன்னு போட்டுக்க.
திங்கக்கெழம லீவு."

வண்டியை அக்காவிடமே பூட்டி விட்டுவிட்டு
கடைசி டவுன் பஸ்ஸில் ஏறினோம்.
கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார்,
டிக்கெட்டைக் கிழித்தார், நகர்ந்தார்.
மூனி நோட்டைத் திறந்தாள்.
மீன் எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடியாகி,
புளியமரத்துக்குக் கீழே, தலைகீழாக,
பின்பக்கத்துப் பிரிஸ்பேன் தெரிந்தது.